மாடன் பீடத்தில் ஏறிப் பார்த்த கடல்

கரிப்புகை மணம் மூக்கில் பட்டால் எல்லாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு முந்தானையையோ கைக்குட்டையையோ தேடுவார்கள். நான் மட்டும் நின்று நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்துக்கொள்வேன். கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் கந்தகம், நாக்கின் நுனிவரை வந்து இறங்கும் ஒரு காரம். என் பிள்ளைகளுக்கு இது பெரிய கேலி. அம்மாவுக்கு ரயில் எஞ்சின் புகைதான் ஊதுவத்தி என்பார்கள். கேலி செய்யட்டும். பதினோரு வயதில் அந்தப் புகை எனக்கு என்ன செய்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மச்சில் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடலும் தோணிப் பாய்களும் தெரியும், மறுபக்கம் பஞ்சாலையின் புகைக்கூண்டு தெரியும். அந்தப் புகைக்கூண்டுக்கும் என் அம்மாவுக்கும் ஜென்மப் பகை. தெற்கிலிருந்து காற்று அடித்தால் போதும், கொடியில் காயும் வேட்டியிலும் பாயில் பிழிந்து வைத்த வடகத்திலும் கறுப்புப் பொடி வந்து உட்கார்ந்துவிடும். "மில்லுக்காரன் நாசமாப் போவ" என்று அம்மா மச்சில் நின்று கையை நீட்டித் திட்டுவது எங்கள் தெருவுக்கே தினப்படி நிகழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கு விடுமுறை, அன்றைக்குப் புகை இருக்காது. ஆகையால் எங்கள் வீட்டில் வெள்ளைத் துணி வெளுப்பதும் வடகம் போடுவதும் ஞாயிற்றுக்கிழமைதான். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள் வெள்ளையாய் உடுத்திக்கொண்டு தெருவில் போக, அம்மா மேலே வெள்ளையாய்க் கொடி முழுக்கத் தொங்கவிட்டிருப்பாள்.

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட வருஷம் அது. கொழும்பு எங்களுக்கு அடுத்த தெரு மாதிரி. எங்கள் தெருவிலேயே பாதி வீடுகளில் யாராவது ஒருவர் அங்கே கடையில் இருந்தார்கள். அங்கே விழுந்தது நாளைக்கு இங்கே விழும் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. வண்டி கிடைத்தவர்கள் வண்டியில், கிடைக்காதவர்கள் தலைச்சுமையோடு என்று மேற்கே பார்த்துப் புறப்பட்டுவிட்டார்கள். அப்பா அசையவில்லை. அவருக்குக் கடற்கரையை ஒட்டி ஒரு மளிகைக் கடை. தோணியில் போகிறவர்களுக்கு அரிசியும் பருப்பும் கருப்பட்டியும் கட்டிக்கொடுப்பதுதான் வியாபாரம். "கப்பல் கரைக்கு வராது, தோணிதான் போகணும். தோணி போனா அரிசி வேணும். நான் கடையைப் பூட்டிட்டா அவன் என்னத்தைத் தின்னுவான்?" என்று சொல்லி, அம்மாவையும் என்னையும் மட்டும் பதினோரு மைலுக்கு அப்பால் இருந்த பெரியம்மா ஊருக்கு அனுப்பிவைத்தார். உப்பு ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போகும் வண்டிக்காரர் ஒருவர் வெள்ளிக்கிழமைதோறும் அந்த ஊர் வழியாக வருவார். அவர் கையில் அப்பாவின் கடிதம் வரும். கடிதத்தோடு அம்மாவுக்கு மல்லிப்பொடியோ எனக்கு மிட்டாயோ வரும்.

பெரியம்மா ஊரில் பனையும் உடைமரமும் செம்மண்ணும்தான். இப்போது எங்கு பார்த்தாலும் மண்டிக் கிடக்கும் வேலிக்கருவை அந்தப் பக்கம் அப்போது அவ்வளவாகத் தலைகாட்டவில்லை. ஊருக்குக் கிழக்கே ஒரு பொத்தை இருந்தது. சிறு பாறைக்குன்றை நாங்கள் பொத்தை என்போம். அதன் உச்சியில் வெள்ளையாக ஒரு பீடம், அடி அகன்று மேலே சிறுத்து, எங்கள் சீமையில் சுடலைமாடனுக்குக் கட்டுவார்களே, அச்சாக அதேபோல. ஊரார் அதை 'உச்சிமாடன்' என்றார்கள். ஒரே இரவில் தானாக எழும்பியது என்பது வரலாறு. வருஷத்துக்கு ஒருமுறை சித்திரைக் கொடைத் திருவிழாவுக்கு ஆண்கள் மட்டும் பந்தம் பிடித்துக்கொண்டு நடுச்சாமத்தில் மேலே போய்ப் படைத்துவிட்டு, விடிவதற்குள் இறங்கிவிடுவார்கள். பகலில் யாரும் உச்சிக்குப் போவதில்லை. பெண்பிள்ளைகள் பகலிலும் போகக்கூடாது, இரவிலும் போகக்கூடாது. போனால் இரத்தம் கக்கிச் சாக வேண்டியதுதான். மாடனுக்கு ஆடும் கோமரத்தாடி வேறு யாருமல்ல, என் பெரியப்பாதான். குட்டையான மனிதர், குரல் மட்டும் ஆறடி.

நாங்கள் போன மூன்றாவது வாரம் வண்டிக்காரர் வரவில்லை. சரி, அடுத்த வாரம் வருவார் என்று இருந்தோம். அந்த வெள்ளிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆட்டுக்கார சுப்பையா மூச்சிரைக்க ஓடி வந்தான். கீழே புல் காய்ந்துபோனதால் அவன் அந்தக் கோடையில் வழக்கத்தைவிட உயரத்துக்கு ஆடுகளை ஓட்டியிருந்தான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பாறைமீது நின்று பார்த்தபோது கிழக்கே வானத்தில் கறுப்பாகப் புகை எழும்பிக்கொண்டிருந்ததாம். "தூத்துக்குடி பத்தி எரியுது! நான் என் கண்ணால பாத்தேன்!" என்று தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சொல்லிக்கொண்டே போனான்.

மறுநாள் வெள்ளிக்கிழமையும் வண்டி வரவில்லை; சுப்பையா இன்றைக்கும் புகை இருக்கிறது என்று வந்து சொன்னான். அவ்வளவுதான், ஊருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் பெண்கள் இரண்டு மூன்று பேராக வந்து அம்மாவின் கையைத் தொட்டுவிட்டுப் பேசாமல் உட்கார ஆரம்பித்தார்கள். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒரு கிழவி மூக்கைச் சிந்திக்கொண்டு, "பொன்னான மனுசன்லா" என்று தொடங்கியபோதுதான் விளங்கியது. அவர்கள் 'துட்டி' கேட்க வந்திருந்தார்கள். இழவு வீட்டில் போய் உட்காருவார்களே, அதற்கு. என் அப்பாவுக்கு! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கிழவியின் வெற்றிலைப் பெட்டியைத் தூக்கி வெளியே எறிந்திருப்பேன். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது மில்லுப் புகையா இருக்கும்மா" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தாள். நம்ப ஆசைதான் அவளுக்கு. பெரியப்பா குறுக்கே விழுந்து, "மில்லுப் புகை பதினோரு மைலு தெரியுமாளா? அவன் வானமே கறுத்துக் கெடக்குன்னு சொல்லுதான்" என்றார். அம்மா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். வியாழக்கிழமை இரவிலிருந்து அவள் ஒரு வாய் கஞ்சிகூடக் குடிக்கவில்லை. ஞாயிறு கழிந்ததும் எங்களை இன்னும் மேற்கே, மலையடிவாரத்தில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவது என்று பெரியப்பா முடிவுசெய்துவிட்டார். அங்கே போய்விட்டால் அப்பா வந்து தேடினாலும் கிடைக்க மாட்டோம் என்பதுதான் எனக்குப் பட்டது. அப்படியானால் புகையை நானே பார்த்துவிட வேண்டும். மில்லுப் புகை எது, ஊர் எரியும் புகை எது என்று அந்த ஊரில் அம்மாவையும் என்னையும் தவிர யாருக்குத் தெரியும்? அம்மா எழுந்திருக்கும் நிலையில் இல்லை.

சனிக்கிழமை காலை, ஆண்கள் எல்லாரும் பனை ஏறவும் பதநீர் இறக்கவும் போயிருந்த நேரம், பெரியம்மா மகள் செல்லக்கனியை இழுத்துக்கொண்டு புறப்பட்டேன். என் வயதுதான் அவளுக்கு. சுள்ளி பொறுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தோம். பாதி தூரம் போனபின்தான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள், நான் செத்துப்போவேன் என்றாள், நீயும் செத்துப்போவாய் என்றாள், கடைசியில் ஒரு துண்டுக் கருப்பட்டிக்கு மயங்கி எழுந்து வந்தாள். பனைமட்டையை நறுக்கி நாரால் கட்டிய செருப்பு ஒரு ஜோடி அவளிடம் இருந்தது. அதில் ஒன்றை அவளும் ஒன்றை நானும் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தோம்.

அந்தக் காட்டைக் காடு என்று சொன்னால் மேற்குமலைக்காரர்கள் சிரிப்பார்கள். நிழல் கிடையாது, உயர்ந்த மரம் கிடையாது. ஆனால் முள்ளில் அதற்கு ஈடு கிடையாது. உடைமுள் நேராகக் குத்தும், காரைமுள் பாவாடையைப் பிடித்து இழுக்கும், சங்கஞ்செடி கண்ணுக்கே தெரியாமல் கணுக்காலைக் கீறும். ஆட்டுத்தடம் இருந்தவரை ஆட்டுத்தடத்தில் போனோம். அது பாறையில் முடிந்ததும் கையை ஊன்றி ஏறினோம். சிவந்த பாறை காலை நேரத்திலேயே சூடேறிவிட்டிருந்தது. சப்பாத்திக்கள்ளிப் பழத்தைப் பறிக்கப்போய் செல்லக்கனியின் விரல் முழுக்கச் சுணைமுள். நாக்கால் நக்கிக்கொண்டே ஏறினாள். சுப்பையா நின்ற பாறை வந்ததும் நான் கிழக்கே திரும்பினேன். முன்னால் சுவர் மாதிரி உடைமரங்கள். அவற்றுக்கு மேலே வானத்தில், உண்மைதான், கறுப்பாக ஒரு கறை இருந்தது. அதன் அடி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

அதற்குமேல் செல்லக்கனி ஓர் அடி எடுத்துவைக்க மறுத்துவிட்டாள். நான் தனியாகத்தான் உச்சிக்குப் போனேன். பீடம் என் கழுத்துயரம் இருந்தது. போன கொடையின் சந்தனமும் எண்ணெயும் காய்ந்து மேலெல்லாம் பக்குக் கட்டியிருந்தது. காலடியில் வாடிய மாலை நார். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் புதர். தரையில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் முள்தான் தெரிந்தது. கடல் தெரிய வேண்டுமானால் ஏற ஒரே ஓர் இடம்தான் இருந்தது, அது மாடனின் தலை. கீழேயிருந்து செல்லக்கனி, "ஏளா தங்கம், வேண்டாம்ளா, வாளா" என்று அழுதுகொண்டிருந்தாள். நான் மட்டும் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். "மாடசாமி, எங்க அப்பாவைப் பாக்கணும், அப்புறம் நீ என்ன வேணாலும் பண்ணிக்கோ" என்று உரக்கச் சொல்லிவிட்டு, கல்லின் இடுக்கில் காலை வைத்து ஏறி நின்றேன்.

முதலில் வெளிச்சம்தான் கண்ணை அடித்தது. பிறகு ஒவ்வொன்றாகத் தெளிந்தது. தரை முடிகிற இடத்தில் வரிசையாக வெள்ளை வெள்ளையாய் உப்பு அம்பாரங்கள். அதற்கு அப்பால் வானத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நீலமாக ஒரு கோடு, அது கடல். உப்புக்கும் கடலுக்கும் நடுவே, குச்சி நட்டது போல என் புகைக்கூண்டு! அதன் வாயிலிருந்து ஒற்றைப் புகை, அடியில் கறுத்து, போகப்போக வெளுத்து, சோம்பலாக வடக்கே சாய்ந்து கலைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வேறு எங்கும் பொட்டுப் புகை இல்லை. கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தேன். கடல்கோட்டில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். தோணிப் பாய்கள். தோணி போகிறதென்றால் தோணியில் அரிசி போகிறது, அரிசி போகிறதென்றால் எங்கள் கடை திறந்திருக்கிறது! மாடன் தலைமேல் நின்றுகொண்டு நான் தொண்டை கிழியக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. செல்லக்கனி நான் இரத்தம் கக்குகிறேன் என்று நினைத்து ஊரைப் பார்த்து ஓட்டம் பிடித்துவிட்டாள்.

இறங்கும்போது கை வழுக்கிப் பீடத்தின் மேலிருந்த சந்தனப் பக்கு பெயர்ந்து வந்தது. அடியில் பட்டையாக ஒரு கருங்கல். அதில் செதுக்கிய ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு புள்ளி, பக்கத்தில் மூன்று இங்கிலீஷ் எழுத்து. நிலம் அளக்க வந்த துரைமார் உச்சிக்கு உச்சி கட்டிவிட்டுப் போன சர்வேக் கல் அது என்று வெகு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்தில் தெரிந்துகொண்டேன். ஊருக்கு ஊர் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்வதற்காகவே கட்டிய கல்லின்மீது, பார்ப்பதற்காகவே ஏறியிருக்கிறேன். அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. எழுத்தைப் பார்த்ததும் மாடன் இங்கிலீஷ் படித்தவர் போலிருக்கிறது என்று மட்டும் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது கூடம் நிறையப் பெண்கள். செல்லக்கனி ஏற்கெனவே எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டிருந்தாள். பெரியப்பா நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஒரு பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம், பாதி வழியில் திரும்பிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஏறவில்லை என்றால் பார்க்கவில்லை என்றாகிவிடும்.

"மாடன் தலையிலயா காலை வச்ச?" என்றார்.

"வச்சேன் பெரியப்பா. அதுல ஏறலன்னா கடல் தெரியாது" என்றேன்.

அவர் கையை ஓங்கினார். அப்போது மூலையில் முழங்காலில் முகம் புதைத்திருந்த அம்மா தலையை நிமிர்த்தி, மூன்று நாளில் முதல்முறையாக வாயைத் திறந்தாள். "புகை ஒத்தையாளா, பரந்தா?"

"ஒத்தைம்மா. கூண்டு தெரிஞ்சுது. தோணி மூணு போகுது."

"எங்கிட்டுச் சாஞ்சிருந்துச்சு?"

"வடக்க."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். "அப்பம் நம்ம மச்சு முழுக்கக் கரி கொட்டியிருக்கும்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூச்சு முட்டியது. பிறகு எழுந்து போய் முகம் கழுவி, தானே அடுப்பு மூட்டி, சட்டி நிறையக் கஞ்சி வைத்து எனக்கும் ஊற்றித் தானும் குடித்தாள். துட்டிக்கு வந்தவர்கள் இருப்பதா போவதா என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பா மட்டும் இறங்கி வரவில்லை. சின்னப்பிள்ளை கண்ணில் பட்டதெல்லாம் சாட்சியா என்றார். எனக்குக் கஞ்சி குடித்த தெம்பு. "நாளைக்கு ஞாயித்துக்கிழமை, மில்லு லீவு, புகை இருக்காது. திங்கக்கிழமை காலையில திரும்பவும் வரும். நீங்களே வந்து பாருங்க. எரியுத ஊரு ஞாயித்துக்கிழமை லீவு விடுமா பெரியப்பா?" என்று கேட்டேன். அம்மா அடுப்படியிலிருந்தே, "விடாது" என்றாள்.

மறுநாள் காலை பெரியப்பா, சுப்பையா, இன்னும் நாலைந்து ஆண்கள், அவர்களுக்கு முன்னால் வழிகாட்டியாக நான். எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆள் வேண்டுமே! பெண்பிள்ளை வரலாமா என்ற பேச்சை யாரும் எடுக்கவே இல்லை. நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பட்டப்பகலில் ராஜநடையாக நடந்தேன். சுப்பையாவின் பாறையில் நின்று பார்த்தபோது வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. புகை இல்லை. "நேத்து இருந்துச்சே" என்று சுப்பையா தலையைச் சொறிந்தான். பெரியப்பா உச்சிக்குப் போய்ப் புதரை விலக்கிப் பார்த்தார், எம்பிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. அவர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார், பீடத்தின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார், "பொறுத்துக்கோடா" என்று சொல்லிவிட்டு, நான் கால் வைத்த அதே இடுக்கில் கால் வைத்து ஏறினார்.

பதினோரு மைலில் கடல் இருந்தும் ஐம்பது வயதுவரை அவர் கடலைப் பார்த்ததில்லை. வருஷாவருஷம் அந்த இடத்துக்கு வந்தவர்தான், வந்ததெல்லாம் இருட்டில். "அம்மாடி, அவ்வளவும் தண்ணியா?" என்றார். பிறகு, "ஏளா, எங்கன உங்க மில்லு?" என்று கேட்டார். நான் கீழேயிருந்து கையை நீட்டிக் காட்ட, கூண்டைக் கண்டுகொண்டார். ஊர் முழுசாக இருப்பதைக் கண்டுகொண்டார். அந்த ஆறடிக் குரல் அடங்கி, தனக்குள் பேசுவது போலச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "நாம ராத்திரியில வந்து கும்பிட்டுட்டுப் போயிருதோம். இவன் பகலெல்லாம் இதையில்லா பாத்துக்கிட்டு நிக்கான்!"

திங்கட்கிழமை காலை சுப்பையா மறுபடி ஊருக்குள் ஓடி வந்தான். "புகை வந்துட்டு! புகை வந்துட்டு!" என்று கல்யாணச் சேதி போலக் கூவிக்கொண்டு போனான். மேற்கே போகும் பேச்சு அத்தோடு ஒழிந்தது. செவ்வாய்க்கிழமை உப்பு வண்டி வந்தது. வழியில் அச்சு முறிந்து, மாட்டுக்கும் கால் நொண்டி, இரண்டு வாரம் கிடையாகக் கிடந்தாராம் வண்டிக்காரர். கடிதத்துக்குப் பதிலாக வண்டியிலிருந்து அப்பாவே இறங்கினார். அவர் கூடத்தில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது, செய்தி தாமதமாகக் கிடைத்து அடுத்த ஊரிலிருந்து புறப்பட்ட இரண்டு பெண்கள், தெருமுனையிலேயே ஒப்பாரியைத் தொடங்கி அழுதுகொண்டே உள்ளே வந்தார்கள். "யாருக்குத் துட்டி?" என்று அப்பா அக்கறையாகக் கேட்டார். அந்தச் சிரிப்பு அடங்க ஊருக்கு ஒரு வாரம் ஆயிற்று.

சாயங்காலம் என் காலை மடியில் வைத்து எருக்கம்பால் விட்டு முள் எடுத்துக்கொண்டே அப்பா எல்லாவற்றையும் கேட்டார். முடிவில், "சனிக்கிழமை காலையில பருப்பு நிறுத்துக்கிட்டு இருந்தேன்ளா. நீ பாக்கேன்னு தெரிஞ்சிருந்தா வெளிய வந்து நின்னுருப்பேன்லா" என்றார். எனக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அந்தப் பொத்தை இப்போது இல்லை. கடற்கரையில் புதுத் துறைமுகம் எழும்பியபோது, அலையைத் தடுக்கக் கடலுக்குள் கொட்ட மலைமலையாகக் கல் வேண்டியிருந்தது; வெடிவைத்துப் பிளந்து லாரி லாரியாகக் கொண்டுபோய்விட்டார்கள். உச்சியைத் தொடுவதற்கு முன்னால் ஊரார் மேளத்தோடு போய் மாடனின் காலடியிலிருந்து பிடிமண் எடுத்துவந்து, ஊருக்குள் புதுப் பீடம் கட்டிக்கொண்டார்கள். அதன் தலையிலும் ஒரு வட்டமும் வட்டத்துக்குள் ஒரு புள்ளியும் இருக்கிறது. பெரியப்பா கொத்தனார் பக்கத்திலேயே நின்று போடவைத்தார் என்று செல்லக்கனி சொன்னாள். பழைய பீடம் துரை கட்டியது என்று நான் ஒருமுறை அவரிடம் சொன்னேன். "எவன் கெட்டுனா என்ன, குடியிருக்கது அவன்லா" என்று முடித்துவிட்டார். அவரும் இல்லை, அம்மா அப்பா இல்லை, அந்தப் புகைக்கூண்டையும் இடித்தாயிற்று.

போன மாதம் பேரனோடு துறைமுகத்தின் அலைதடுப்புக் கல்லணைவரை போனேன். கடலுக்குள் நீளமாகப் போகிறது. அலை வந்து வந்து அடித்தும் அசையாமல் கிடக்கும் பாறைகளில் பழைய பொத்தையின் செம்மை இன்னும் போகவில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, கையை ஊன்றி, ஒரு பெரிய பாறைமேல் ஏறி நின்று மேற்கே பார்த்தேன். பேரன் பதறிப்போனான். காவலுக்கு நின்ற பையன் ஊதலை ஊதிக்கொண்டு ஓடி வந்து, "இதுல பொம்பளையாளு ஏறப்படாதும்மா, இறங்குங்க" என்று கத்தினான்.

"இதுல நான் முன்னாலயே ஏறியிருக்கேன்" என்றேன்.